ஆயுத பூசையும் ஆக்ஸிஜன் மீட்டரும்

தெரியாமல் செய்த ஒரு காரியம் ஒரு உயிரை எடுத்துவிட்டது என்றால், அதைச் செய்தவரிடம் அந்த உண்மையை மறைக்க இன்னொருவருக்கு உரிமை உண்டா? சாமிக்கண்ணுவின் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டவர் என்று சொல்லவும் காரணம் போதவில்லை. அவருடைய மனைவி சின்னப்பாப்பா சொன்னதையும், பட்டறையில் இருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலியார்பேட்டையில் குடியிருந்த சாமிக்கண்ணு, இளம் வயதில் புதுச்சேரி மில் ஒன்றில் பாய்லர் ஆள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாய்லர் அது. அழுத்தம் காட்டும் முள்ளுக்குக் கீழே பிரெஞ்சில்தான் எழுதியிருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் முள் தெரியும். முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் நெருப்பைக் குறைக்க வேண்டும். தவறவிட்டால் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு திறந்துகொண்டு ஊரே கேட்கும்படி சீறும். நீராவியிடம் அந்த ஒரு நேர்மை உண்டு. கோபம் வந்தால் முதலில் கத்தும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மில்லில் ஆட்குறைப்பு நடந்தது. சாமிக்கண்ணு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தெய்வசிகாமணி என்பவரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். தண்ணீர்த் தொட்டி, டிராக்டர் டிரெய்லர், கிரில் கதவு எல்லாம் செய்கிற பட்டறை. அங்கே அவருக்குக் கிடைத்தது கேஸ் கட்டிங் வேலை. ஒரு பக்கம் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு வாயு எடுக்கிற டேங்க். இன்னொரு பக்கம் ஆள் உயர ஆக்ஸிஜன் சிலிண்டர்.

அந்தச் சிலிண்டரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு அறை நிறைய இருக்க வேண்டிய காற்றை ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற இரும்புக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். மில் பாய்லரில் இருந்த அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் சூடு இல்லை, மணம் இல்லை, சத்தம் இல்லை. நிறைந்திருக்கிறதா காலியா என்பதுகூட வெளியே தெரியாது. அதன் தலையில் திருகுகிற பித்தளைக் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். பட்டறையில் எல்லாருக்கும் அது மீட்டர். அந்தப் பெரிய அழுத்தத்தை வாங்கி, வேலைக்கு வேண்டிய அளவு குறைத்துக் கொடுப்பது அதுதான்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அமுக்கினால் அடிப்பக்கம் சுடும். சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால் மீட்டருக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. அந்தச் சின்ன அறையில் ஏற்கெனவே இருந்த காற்று ஒரு இமைப்பொழுதில் நசுங்கி, நெருப்பாய்ச் சுடுகிறது. சுத்தமான பித்தளை அதைத் தாங்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாங்காது. சுத்த ஆக்ஸிஜனில் எண்ணெய்க்குத் தீக்குச்சி வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். எண்ணெயோடு ரப்பரும் எரியும், பித்தளையும் எரியும். சிலிண்டர் இறக்க வருகிற ஆள் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டுப் போனார். கூட இருந்தவர்கள் கேட்டுவிட்டு மறந்தார்கள். சாமிக்கண்ணு மறக்கவில்லை.

வால்வை ஓரமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திறப்பார். வடை தின்றால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சிலிண்டர் பக்கம் போகமாட்டார். அவருடன் வேலை செய்த கன்னியப்பன் அவரைவிடப் பத்து வயது இளையவன், வாய் சும்மா இருக்காது.

"மச்சான் கோயிலுக்குப் போனா கால் கூட கழுவ மாட்டாரு. சிலிண்டரத் தொடணும்னா குளிச்சிட்டு வருவாரு. சாமியே தோத்துது போ."

"நீயும் கழுவு. கழுவுனா கை தேஞ்சிடாது."

"கழுவலாம். அப்புறம் வடையோட ருசி போயிடுமே மச்சான்."

கன்னியப்பனின் மனைவி தையல்நாயகி தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். உறவுமுறை ஒன்றும் இல்லை. ஆனாலும் புருஷன் மச்சான் என்று கூப்பிட்டதால் அவள் சாமிக்கண்ணுவை அண்ணே என்றாள்.

தொழிற்பேட்டையில் ஆயுத பூசை என்றால் குடும்பத்தோடு வருவார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் தேய்த்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் பொரிகடலை, பூசணிக்காய். பூசையில் வைத்த சாமானைத் தொடக்கூடாது. அதற்கு அடுத்த நாள் விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்து, பேருக்கு ஒரு துண்டு இரும்பை வெட்டி வேலையைத் தொடங்குவார்கள். சிலிண்டரைத் துடைக்கிற வேலையை ஒவ்வொரு வருடமும் சாமிக்கண்ணு தானே எடுத்துக்கொள்வார். காய்ந்த துணி, அதன் மேல் மூன்று விரல் திருநீறு, அவ்வளவுதான்.

எழுபத்தேழாம் வருடம் தையல்நாயகி உதவிக்கு வந்திருந்தாள்.

"அண்ணே, ஸ்பேனருக்குப் பூசியாச்சு, வைஸுக்குப் பூசியாச்சு. இந்தப் பெரிய கொழாய்க்கு மட்டும் இன்னா ஓரவஞ்சன?"

"சிலிண்டர்ல எண்ண படக்கூடாதும்மா. துண்ணூறு போதும்."

"உங்கண்ணன் அதுக்கு விரதம் புடிச்சி வெச்சிருக்காரு," என்றான் கன்னியப்பன். "எண்ண, கறி, மீனு எதுவும் ஆகாது."

"அப்போ நீ சாயங்காலத்துல அதும்மேல சாஞ்சி தூங்காத. தலையில எண்ண சொட்டுது," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சொன்ன சொல்லைக் கேட்டாள். சிலிண்டரை விரலாலும் தொடவில்லை. ஆனால் மீட்டர் அப்போது சிலிண்டரில் இல்லை. அதைக் கழற்றி, பூசைப் பலகையில் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே வைத்திருந்தார்கள். அது பித்தளை. பித்தளையை எப்படித் துலக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, கழுத்து, திருகு மரை, மூலை முடுக்கெல்லாம் பளபளக்கத் துடைத்தாள். வீட்டுக் குத்துவிளக்கை வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தான் துடைக்கிறாள். சாமிக்கண்ணு பின்னால் கார்பைடு சாம்பலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. சொன்னவர் சொன்னதில் குறை இருந்தது. கேட்டவள் கேட்டதில் குறை இல்லை.

விஜயதசமி காலை சாமிக்கண்ணு ஷெட்டுக்கு வெளியே கார்பைடு டேங்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். உள்ளே கன்னியப்பன் தனியாக மீட்டரைப் பூட்டி, சாவியைப் போட்டு வால்வைத் திருப்பினான். வெடிச்சத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய மிருகம் ஒன்று மூச்சை விட்டதுபோல் இருந்தது என்று சாமிக்கண்ணு பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே ஓடியபோது மீட்டர் இருந்த இடத்திலிருந்து வெள்ளைத் தீ நேராக நீண்டு நின்றது. அதற்கு எதிரில்தான் கன்னியப்பன் நின்றிருந்தான். சாமிக்கண்ணு ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வால்வை மூடினார். கன்னியப்பனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் இறந்தான்.

அதுவரை சாமிக்கண்ணுவுக்குக் காரணம் பிடிபடவில்லை. பூசைக்கு முன்பு மீட்டர் சுத்தமாக இருந்தது அவருக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க அவரும் சின்னப்பாப்பாவும் போயிருந்த அன்று தையல்நாயகி சுவரில் சாய்ந்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். யாரிடம் என்றில்லாத பேச்சு.

"என் கையால அத புளி போட்டுத் தேச்சேன் அண்ணி. நல்லா எண்ண விட்டு, மரை மரையாத் தொடச்சி வெச்சேன். கண்ணாடி மாரி மின்னுச்சி. இன்னா கொற வெச்சேன்னு அந்தச் சாமி எங்கிட்ட இப்படிப் பண்ணிச்சி?"

சாமிக்கண்ணு கையிலிருந்த காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனதைச் சின்னப்பாப்பா பார்த்தாள். அவளுக்கும் எண்ணெய்க் கதை தெரியும். புருஷன் வீட்டில் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் கேட்டாள்.

"அப்போ அந்த எண்ணதானா?"

"அங்க நீ ஒண்ணும் கேக்கல. வாயத் தெறக்காத."

விசாரணைக்கு வந்த அதிகாரி விஷயம் தெரிந்தவர். உருகிய மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"இதுல எண்ணெய், கிரீஸ் ஏதாவது பட்டுதா?"

"இல்ல சார்," என்றார் சாமிக்கண்ணு.

"யோசிச்சு சொல்லுங்க."

"இல்ல சார். நல்ல நேரம் முடியப் போவுதுன்னு நான்தான் அவன அவசரப்படுத்தினேன். சட்டுனு தெறந்துட்டான்."

"நீங்க பாய்லர்ல வேலை பார்த்தவர். வேகமாத் திறக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா அவசரப்படுத்தினீங்க?"

"தெரிஞ்சுதான்."

வேகம் மட்டுமே சில சமயம் அப்படிச் செய்துவிடும். அதனால் அந்தப் பொய்க்கு நிற்க ஒரு கால் இருந்தது. அதிகாரி நம்பினாரா என்பது சந்தேகம், ஆனால் சொன்னதை எழுதிக்கொண்டார். சாமிக்கண்ணு கட்டிங் வேலையிலிருந்து இறக்கப்பட்டு, சாமான் தூக்கிக் கொடுக்கிற ஆளானார். தெய்வசிகாமணி இரக்கப்பட்டு, தையல்நாயகிக்குப் பட்டறையைப் பெருக்கி, சாமான் துலக்குகிற வேலை கொடுத்தார்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள் விளக்குமாற்றோடு அவருக்கு எதிரில் நின்று, "நல்ல நேரம் பாத்து கொன்னியே, நீ நல்லா இரு," என்றாள். அதற்குப் பிறகு அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. பட்டறை முழுவதும் பெருக்குவாள். அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற மூலையை மட்டும் விட்டுவிடுவாள். அந்த மூலையை அவரே கூட்டிக்கொண்டார்.

பொய் சொன்னபோது அவர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணெய் இல்லை என்று சொன்னவர் இனி எண்ணெய் ஆகாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், எந்த எண்ணெய், யார் தடவியது என்று பேச்சு வரும். தையல்நாயகி முட்டாள் அல்ல. ஆனால் ஒவ்வொரு புரட்டாசி ஐப்பசியிலும் ஆயுத பூசை வந்துகொண்டுதான் இருந்தது. பட்டறைப் பித்தளையெல்லாம் துலக்குகிறவளும் இப்போது அவள்தான்.

எனவே பூசைக்கு முதல் நாள் அவர் மீட்டரைக் கழற்றி, பையில் போட்டு, சைக்கிளில் மாட்டி வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும், முள் நடுங்குகிறது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு காரணம். விஜயதசமி அன்று திரும்பக் கொண்டு வருவார்.

"மொதலாளி, அந்த ஆள் என் புருசன் தொட்ட சாமானுக்குப் பூசை இல்லாம பண்றான்," என்று தையல்நாயகி புகார் சொன்னாள். தெய்வசிகாமணி கையை விரித்தார். "விடும்மா. மனசுல என்னமோ பயம். போவட்டும்."

மற்றப் பட்டறைகளில் அவர் என்ன செய்ய முடியும்? ஒரு வருடம் பக்கத்துப் பட்டறை மீட்டர் எண்ணெய் வடியச் செவ்வந்தி மாலையோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"யோவ், பூசை போட்ட சாமான அழுக்குத் துண்டால தொடைக்கிற? இன்னா, நாத்திகனா நீ?" என்று பிடித்து வெளியே தள்ளினார்கள். விஜயதசமி அன்று அந்தப் பட்டறையில் வால்வைத் திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் கொடுமை. பலமுறை ஒன்றும் ஆகாது. அப்படி ஆகாமல் போன ஒவ்வொரு முறையும் மக்களுக்குத் தைரியம் கொடுத்தது. சாமிக்கண்ணுவின் மௌனத்துக்கும் அதில் பங்கு உண்டு. இதை நான் அவர் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் மனம் உடையாமல் இருக்க, ஒரு தொழிற்பேட்டையே ஆபத்தோடு இருக்கட்டும் என்று விட்டவர் அவர்.

எண்பத்துமூன்றில் புதிய கேஸ் கட்டராகக் கலியபெருமாள் வந்தார். தையல்நாயகியின் தம்பி. கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர், கடலூரில் வேலை பழகியவர். சாமிக்கண்ணுவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது, மூச்சும் இழுத்தது. தீபாவளிக்குப் பிறகு வர வேண்டாம் என்று தெய்வசிகாமணி சொல்லிவிட்டார். அதாவது அதுதான் அவருக்குக் கடைசி ஆயுத பூசை. அடுத்த வருடம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்காது.

அந்த வருடமே தூக்க முடியவில்லை.

"மீட்டரு என் பொறுப்பு பெரியவரே," என்றார் கலியபெருமாள். "ரிப்பேருன்னா நான் பாத்துக்கறேன். நீங்க போயி ஒக்காருங்க."

பூசை நாள் மதியம் குடும்பங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. பூசைப் பலகையின் முன் தையல்நாயகி உட்கார்ந்து, கடைசியாக மிச்சமிருந்த மீட்டரைப் புளியால் தேய்த்துக் கழுவினாள். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் துணியும். சாமிக்கண்ணு எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார்.

"எண்ண வேணாம்."

அவள் நிமிரவில்லை. "எத்தினி வருசமா இத ஒளிச்சி ஒளிச்சி வெச்ச. இன்னிக்கி என் தம்பி கையில இருக்கு. இதுக்குப் பூசை உண்டு. போ அந்தாண்ட."

"எண்ண பட்டா எரியும்."

கலியபெருமாள் சிரித்தார். "யாரு சொன்னா? கடலூர்ல நாங்க எண்ண போட்டுத்தான் தொடைப்போம். எரிஞ்சா போயிட்டோம்?"

"கன்னியப்பன் எரிஞ்சான்."

தெய்வசிகாமணி பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "அன்னிக்கி எண்ண இல்லன்னு என் எதிர்லதானேய்யா அதிகாரிகிட்ட சொன்ன?"

"பொய் சொன்னேன் மொதலாளி."

தையல்நாயகி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை. அவள் உதடு அசைந்தது. "அண்ணே," என்றாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. "அன்னிக்கி அத எண்ண விட்டுத் தொடச்சது நான்..."

"நீ தொடச்சது எனக்குத் தெரியும்," என்று அவர் குறுக்கே பேசினார். வழக்கமாக அவர் வேகமாகப் பேசுகிறவர் அல்ல. "காலைல பாத்துட்டு நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். அப்புறம் மரை ஏறல. மரையில எண்ண விட்டது நான். அத மறைக்கத்தான் அவசரப்படுத்தினேன்னு சொன்னேன்."

"தெரிஞ்சேவா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

"தெரிஞ்சேதான்."

கலியபெருமாள் அறைந்தார். சாமிக்கண்ணு பலகை மேல் சரிந்து விழுந்தார், பொரி சிதறியது. யாரும் தூக்கவில்லை. தானே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த மீட்டரைச் சோப்பில் கழுவி, காயவைத்து, திருநீறு மட்டும் இட்டு வைத்தார்கள். கதை அன்று மாலைக்குள் தொழிற்பேட்டை முழுவதும் பரவியது. மீட்டரில் எண்ணெய் படக்கூடாது என்று எல்லாப் பட்டறையும் தெரிந்துகொண்டது. கூடவே சாமிக்கண்ணு என்ற ஒரு பாவி, தெரிந்தே எண்ணெய் விட்டு ஒருவனைக் கொன்றான் என்பதையும். முதலியார்பேட்டையில் சிலர் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள்.

அவர் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. எண்ணெய் ஆகாது என்று சோப்புப் போட்டுக் கழுவியவர், அதே கையால் எதற்கு மறுபடி எண்ணெய் விடுவார்? கோபத்தில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருத்தி கவனித்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலை கலியபெருமாள் சாமிக்கண்ணுவின் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அடித்ததற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, ஆனால் குரல் தாழ்ந்திருந்தது. சின்னப்பாப்பா முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா அனுப்பிச்சிது. நீ சொன்னது அதுக்கு ஒத்து வரலயாம். சோறு தின்னாம கெடக்குது. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன், நெசத்த மட்டும் சொல்லச் சொல்லு, எனக்குத் தெரிஞ்சாவணும்னு சொல்லுது."

சின்னப்பாப்பா புருஷன் பக்கம் திரும்பி, "சொல்லிடேன். அதுவே கேக்குதே," என்றாள்.

அதன் பிறகு சாமிக்கண்ணு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள், ஒருமுறையும் வாய் திறக்கவில்லை. அன்று வாசலில் நின்ற கலியபெருமாளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நான் சொன்னது நெசந்தான்னு போயி சொல்லு."